பிட்மேப் இண்டெக்ஸ் போட்டால் இந்தக் குவெரி வேகமெடுக்குமா? (போஸ்ட்கிரஸ், 1.2 கோடி வரிசை)

தங்கச்சிமடத்தான்

எல்லாருக்கும் வணக்கம். மீன் கொள்முதல் செய்யும் ஒரு கம்பெனிக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கிட்டிருக்கேன். மூக்கையூர்லேர்ந்து தொண்டி வரைக்கும் 14 இறங்குதளத்துல எங்க ஆளுங்க எடை போடுறாங்க. ஒவ்வொரு எடைக்கும் ஒரு வரிசை. வருஷக்கணக்கா சேர்ந்து இப்ப 1.2 கோடி வரிசை ஆயிருச்சு. போஸ்ட்கிரஸ் 15, 8 ஜிபி ராம்.

டேபிள்ல இருக்கறது: தேதி, தளம் (14), கலம் (விசைப்படகு, நாட்டுப்படகு, வள்ளம், கரைவலை), இனம் (60 சொச்சம்), தரம் (4), பட்டுவாடா நிலை (பாக்கி, பாதி, முடிந்தது), ஏஜெண்ட் (300 பேர் பக்கம்), எடை, விலை.

தேதி வச்சுக் கேட்டா பறக்குது. ஆனா கணக்குப்பிள்ளைங்க அப்படிக் கேக்குறதில்ல. "மண்டபத்துல எடுத்த கணவாய், ரெண்டாம் தரம், இன்னும் பாக்கி நிக்கிறது எம்புட்டு?"ன்னு ஒருத்தர். அடுத்தவர் தளத்தை விட்டுட்டு ஏஜெண்டையும் கலத்தையும் வச்சுக் கேப்பார். எந்தக் கலவையில வரும்னு சொல்லவே முடியாது. வரிசையைச் சீக்கிரம் தேட (தளம், இனம், தேதி)ன்னு மூணும் சேர்ந்த ஒரு கூட்டு இண்டெக்ஸ் இருக்கு. தளம் இல்லாத கேள்வின்னா அது சும்மா கெடக்கு, டேபிள் முழுக்க ஓடுது. அதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம்.

கூடப் படிச்சவன் "பிட்மேப் இண்டெக்ஸ் போடுடா"ன்னான். 'கிரியேட் பிட்மேப் இண்டெக்ஸ்'னு அடிச்சா சின்டாக்ஸ் எர்ரர். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், நாட்டுப்படகு சரக்கு மட்டும்தான், என்ட்ரி நல்லாக் குறையும். அதுக்குள்ள இதை முடிச்சுப்புடணும். என்ன பண்ணலாம்?

தொண்டிக்காற்று

ராமை 32 ஜிபி ஆக்கு. வேலை முடிஞ்சது.

முத்துச்சலாபம்

தம்பி, சின்டாக்ஸ் எர்ரர் வந்தது சரிதான். போஸ்ட்கிரஸில் டிஸ்க்கில் உட்காரும் பிட்மேப் (ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு 0 அல்லது 1) இண்டெக்ஸ் என்று ஒன்று கிடையாது. ஆரக்கிளில் உண்டு, போஸ்ட்கிரஸிலிருந்து கிளைத்த கிரீன்பிளம்மில் உண்டு. மைஎஸ்க்யூஎல்லிலும் இல்லை.

ஆனால் எக்ஸ்பிளைன் (குவெரி எந்த வழியில் ஓடும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் 'பிட்மேப் இண்டெக்ஸ் ஸ்கேன்', 'பிட்மேப் ஹீப் ஸ்கேன்' என்று வரும். 2005இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. அது சேமித்து வைத்த பிட்மேப் இல்லை. சாதாரண பி-ட்ரீ (மதிப்புகளை மர வடிவில் அடுக்கி வைக்கும்) இண்டெக்ஸைப் படித்து, அந்த நிமிடம் மெமரியில் பிட்மேப் கட்டி, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் பிரச்சினைக்கு இந்த இரண்டாவதே போதும் என்று நினைக்கிறேன். அந்த மண்டபம் கணவாய் குவெரிக்கு எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாமாண்டு_சிஎஸ்

எங்கள் பாடத்தில் பிட்மேப் இண்டெக்ஸ் என்றால் வேறு வேறு மதிப்புகள் குறைவாக இருக்கும் காலத்துக்கு (டேபிளின் நெடுவரிசை, column) என்று இருக்கிறது. ஆண்/பெண் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் தரம் (4), நிலை (3) இரண்டுக்கும்தானே பொருந்தும்? இனம் 60, ஏஜெண்ட் 300 எல்லாம் அதிகம் இல்லையா?

நவபாஷாணம்

அந்த ஆண்/பெண் உதாரணத்தை எழுதினவரை இந்த இழைக்குக் கூட்டிட்டு வாங்க, நாலு கேள்வி கேக்கணும்.

ரெண்டு மதிப்பு உள்ள ஒரே காலத்தை மட்டும் வச்சுக் கேட்டா எந்த இண்டெக்ஸும் உதவாது. பாதி டேபிள் வேணும்னு கேக்குற, பாதி டேபிளைப் படிச்சுத்தான் ஆகணும். அதுகூடத் தப்பு, முழு டேபிளையும் படிக்கணும். தம்பியோட டேபிள்ல ஒரு வரிசை சுமார் 100 பைட்டுன்னு வச்சுக்குவோம். போஸ்ட்கிரஸ் டேபிளை 8 கேபி பக்கம் பக்கமாத்தான் டிஸ்க்ல வைக்கும், ஒரு பக்கத்துல 75 வரிசை உட்காரும். 1.2 கோடிக்கு 1,60,000 பக்கம், கிட்டத்தட்ட 1.3 ஜிபி. நாலு தரமும் சமமாக் கலந்து கெடந்தா, ஒரு பக்கத்துல ரெண்டாம் தரம் ஒண்ணுகூட இல்லாம இருக்க வாய்ப்பு முக்காலை 75 தடவை பெருக்கினா வர்ற எண். பூஜ்யம்னே வச்சுக்க. ஆக எல்லாப் பக்கத்தையும் தொடணும். பிட்மேப் போட்டாலும் அதேதான்.

இப்ப நாலு நிபந்தனையையும் சேர். 14ல ஒரு பங்கு, 60ல ஒரு பங்கு, 4ல ஒரு பங்கு. 1.2 கோடி சுருங்கி 3,571 ஆகுது. பாக்கி நிக்கிறது நூத்துக்கு அஞ்சுன்னா 180 வரிசை. ஒவ்வொண்ணும் தனிப் பக்கத்துல இருந்தாலும் 180 பக்கம்தான். 1,60,000 எங்க, 180 எங்க?

தனித்தனியா ஒவ்வொரு நிபந்தனையும் சோப்ளாங்கி. சேர்ந்தாத்தான் பலம். பிட்மேப்போட வேலையே இந்தச் சேர்க்கைதான். மதிப்பு எத்தனைங்கறது அடுத்த பேச்சு.

தங்கச்சிமடத்தான்

அண்ணே, அந்தச் சேர்க்கை உள்ள எப்படி நடக்குதுன்னு யாராச்சும் கொஞ்சம் விளக்குங்களேன். கூட்டு இண்டெக்ஸும் சேர்க்கத்தானே செய்யுது?

முத்துச்சலாபம்

கூட்டு இண்டெக்ஸில் எந்தக் காலம் முதலில், எது அடுத்து என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. (தளம், இனம், தேதி) என்றால் முதலில் தளம் தெரிய வேண்டும். எந்தக் கலவையும் வரலாம் என்றால் 7 காலத்துக்கு எத்தனை கூட்டு இண்டெக்ஸ் போடுவீர்கள்? (போஸ்ட்கிரஸ் 18இல் 'ஸ்கிப் ஸ்கேன்' வந்திருக்கிறது. முதல் காலத்தில் மதிப்புகள் குறைவாக இருந்தால் அதைத் தாண்டி அடுத்த காலத்தைத் தேடும். 15இல் அந்த வசதி இல்லை.)

பிட்மேப்பை எட்டு வரிசையில் பார்ப்போம்.

1. பாம்பன், கணவாய், பாக்கி
2. மண்டபம், நண்டு, பாக்கி
3. மண்டபம், கணவாய், முடிந்தது
4. தொண்டி, நண்டு, பாக்கி
5. மண்டபம், கணவாய், பாக்கி
6. பாம்பன், சூடை, முடிந்தது
7. மண்டபம், கணவாய், பாக்கி
8. ஏர்வாடி, கணவாய், பாக்கி

ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பிட் வரி. அந்த வரிசையில் அந்த மதிப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0.

மண்டபம்: 0 1 1 0 1 0 1 0
கணவாய்: 1 0 1 0 1 0 1 1
பாக்கி: 1 1 0 1 1 0 1 1

மூன்றுக்கும் 'அண்ட்' போட்டால் (மூன்றிலும் 1 இருந்தால்தான் 1):

விடை: 0 0 0 0 1 0 1 0

ஐந்தாம் வரிசையும் ஏழாம் வரிசையும். டேபிளை இன்னும் திறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "எத்தனை?" என்று மட்டும் கேட்டிருந்தால் 1களை எண்ணிவிட்டு எழுந்து போய்விடலாம். அதற்கென்றே பிராசசரில் ஒரு கட்டளை இருக்கிறது.

64 பிட் பிராசசர் ஒரே அடியில் 64 வரிசைக்கு 'அண்ட்' போடும். 1.2 கோடி வரிசைக்கு ஒரு பிட்மேப் 15 லட்சம் பைட், அதாவது 1.5 எம்பி. இரண்டு பிட்மேப்பைச் சேர்க்க 1,87,500 'அண்ட்'. இன்றைய கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. தளத்தை எடுத்துவிட்டு ஏஜெண்டைப் போட்டாலும் இதே வேலைதான். எந்தக் காலம் முன்னால், எது பின்னால் என்ற பேச்சே கிடையாது. 'ஆர்' (ஏதாவது ஒன்றில் 1 இருந்தாலும் 1) போடலாம். "முடிந்தது அல்லாதவை" என்றால் பிட்டுகளைத் திருப்பிப் போடலாம், ஆனால் அங்கே மட்டும் ஜாக்கிரதை: அழித்த வரிசைகளும் மதிப்பே இல்லாத (NULL) வரிசைகளும் 1 ஆகிவிடும், அவற்றை இன்னொரு பிட்மேப் வைத்துக் கழிக்க வேண்டும்.

இது புதுசும் இல்லை. மாடல் 204 என்ற பழைய மெயின்ஃபிரேம் டேட்டாபேஸில் இந்த முறை இருந்தது. பேட்ரிக் ஓ'நீல் 1987இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிறகுதான் வெளியே பரவலாகப் பேசப்பட்டது. ஆரக்கிள் 7.3இல் கொண்டுவந்தது.

மூன்றாமாண்டு_சிஎஸ்

காக்கா, அப்படியானால் ஏஜெண்டுக்கு 300 பிட்மேப். 300 × 1.5 = 450 எம்பி. அதனால்தானே அதிக மதிப்புகளுக்கு வேண்டாம் என்கிறார்கள்?

முத்துச்சலாபம்

சுருக்காமல் வைத்தால் நீங்கள் சொல்வது சரி. யாரும் அப்படி வைப்பதில்லை.

இப்படி யோசித்துப் பாருங்கள். 300 பிட்மேப்பிலும் சேர்த்து மொத்தம் எத்தனை 1 இருக்கும்? ஒரு வரிசைக்கு ஒரே ஏஜெண்ட். ஆக மொத்த 1கள் 1.2 கோடிதான். 300 ஏஜெண்ட் என்றாலும் 3,000 என்றாலும் அதே 1.2 கோடி. கூடுவதெல்லாம் 0தான். நீளமாக ஓடும் 0களைச் சுருக்குவது சுலபம்.

ஆரக்கிளில் பிபிசி என்ற பைட் அடிப்படைச் சுருக்க முறை வந்தது. பிறகு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் டபிள்யூஏஹெச் செய்தார்கள். அது பிராசசர் ஒரே அடியில் எடுக்கும் 'வேர்ட்' அளவில் சுருக்கும். இடம் கொஞ்சம் கூடும், ஆனால் 'அண்ட்' போடும்போது வேகம். இப்போது எங்கு பார்த்தாலும் ரோரிங் பிட்மேப்தான். லூசீன், ட்ரூயிட், ஸ்பார்க் போன்ற தேடல், டேட்டா மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ரோரிங்கின் வேலை அழகானது. வரிசைகளை 65,536 எண்ணிக்கை கொண்ட துண்டுகளாகப் பிரிக்கும். ஒரு துண்டுக்குள் 4,096 வரை 1கள் இருந்தால் அவற்றின் இடங்களை 16 பிட் எண்களாகப் பட்டியல் போட்டு வைக்கும். அதற்கு மேல் போனால் முழு பிட்மேப்பாக 8 கேபி வைக்கும். ஏன் 4,096? 4,096 எண்கள் × 2 பைட் = 8,192 பைட். அதே 8 கேபி. அந்த இடத்தில்தான் தராசு சாய்கிறது. 1கள் தொடர்ச்சியாக ஓடினால் "இங்கே தொடங்கி இத்தனை" என்று எழுதி வைக்க மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு.

இதன்படி உங்கள் ஏஜெண்ட் காலம் ஒரு 1க்கு 2 பைட் என்று 24 எம்பியும் கொஞ்சம் மேல்செலவும். 450 எம்பி எங்கேயும் வராது.

வாலிநோக்கம்_உப்பு

குறுக்கே வருகிறேன். இனம் "60 சொச்சம்" என்று சொல்கிறாயே தம்பி, எண்ணிப் பார்த்தாயா? தளத்தில் இருக்கும் பையன்கள் கையால் அடித்தால் கணவாய், கணவா, கனவாய் என்று மூன்று மதிப்பாகிவிடும். சூடையும் அப்படித்தான். எந்த இண்டெக்ஸ் போட்டாலும் மூன்றில் ஒரு பங்குப் பாக்கிதான் ரிப்போர்ட்டில் வரும். முதலில் இனத்துக்குத் தனி டேபிள், எண் குறியீடு. அதுவே வரிசையின் அகலத்தையும் குறைக்கும்.

1947இல் தொடங்கி நெடுநாள் மண்டபத்தில் இருந்த சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) நம் பக்கத்து மீன்களை விஞ்ஞானப் பெயரோடு வகைப்படுத்தி வைத்திருக்கிறது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் இன்னும் இருக்கிறது. உன் குறியீட்டுப் பட்டியலை அந்தப் பெயர்களோடு ஒட்டி வைத்தால் நாளைக்கு ஏற்றுமதிக் கணக்குக்கும் உதவும்.

தங்கச்சிமடத்தான்

அக்கா, எண்ணிட்டேன். 60 இல்ல, 143. நீங்க சொன்ன மூணு கணவாயும் இருக்கு, "கணவாய் " (பின்னாடி ஒரு ஸ்பேஸ்) நாலாவதா நிக்குது.

இதை இந்த வாரமே குறியீடாக்குறேன். ஆனா ஒரு கேள்வி. பிட்மேப் இம்புட்டு நல்லதுன்னா போஸ்ட்கிரஸ்காரங்க ஏன் வைக்கல? ஆரக்கிளுக்கு மாறிரலாமா?

நவபாஷாணம்

ஆரக்கிள்ல பிட்மேப் இண்டெக்ஸ் என்டர்பிரைஸ் எடிஷன்லதான் வரும். லைசென்ஸ் விலையைக் கேட்டா உங்க முதலாளி ரெண்டு விசைப்படகு வாங்கிப்பார். அதை விடு.

நான் முன்ன வேலை பார்த்த ஒரு எடத்துல, ஆர்டர் நிலைன்னு ஒரு காலம், அஞ்சே மதிப்பு. வெளியிலேர்ந்து வந்த ஆலோசகர் "மதிப்பு கம்மி, பிட்மேப் போடு"ன்னுட்டு லைவ் டேபிள்ல போட்டுட்டுப் போயிட்டார். காலையில ரிப்போர்ட் பறந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. பதினோரு மணிக்கு கவுண்ட்டர் எல்லாம் நின்னுபோச்சு. பிழைப்பதிவுல வரிசையா ஓஆர்ஏ-00060 எர்ரர். டெட்லாக், அதாவது ஒருத்தர் பூட்டினதுக்கு இன்னொருத்தர் காத்து ரெண்டு பேரும் முடங்குறது.

காரணம் இதான். பி-ட்ரீல ஒரு என்ட்ரி ஒரு வரிசையைக் காட்டும். பிட்மேப் இண்டெக்ஸ்ல ஒரு என்ட்ரி "இந்த ரோஐடிலேர்ந்து (வரிசையோட முகவரி) அந்த ரோஐடி வரைக்கும்"னு ஒரு பெரிய நீளத்தைக் காட்டும், அதுக்குள்ள சுருக்கின பிட்டுங்க. ஒரு வரிசையோட நிலையை 'பாக்கி'லேர்ந்து 'முடிந்தது'க்கு மாத்துறேன்னு வை. பாக்கி என்ட்ரில ஒரு பிட்டை அணைக்கணும், முடிந்தது என்ட்ரில ஒண்ணை ஏத்தணும். ரெண்டு என்ட்ரியும் கமிட் ஆகுற வரைக்கும் பூட்டிக் கெடக்கும். அந்த நீளத்துல இருக்கற வேற எந்த வரிசையோட நிலையையும் இன்னொருத்தன் மாத்த முடியாது. ஒரு வள்ளத்தைக் கட்டுறதுக்கு படகுத்துறையையே சாத்தி வச்ச கதை. ஒருத்தன் இதை முதல்லயும் இன்னொருத்தன் அதை முதல்லயும் பூட்டினா டெட்லாக்தான். புது வரிசை போடுறவனும் அதுல மாட்டுவான்.

உன் எடத்துல விசைப்படகு கரை சேர்ற விடியல்ல 14 தளத்துலயும் ஒரே நேரத்துல எடை போடுவாங்க, இந்தப் பக்கம் கணக்குப்பிள்ளை பட்டுவாடா போடுவார். லைவ் டேபிள்ல பிட்மேப் இருந்தா ஏலக்கொட்டகையில அடிதடி நடக்கும்.

பிட்மேப் வாழ்ற எடம் வேர்ஹவுஸ், அதாவது ரிப்போர்ட்டுக்குன்னே தனியா வச்ச டேட்டாபேஸ். ராத்திரி இண்டெக்ஸை முடக்கு, சரக்கை மொத்தமா ஏத்து, மறுபடி கட்டு. பகல்ல எல்லாரும் படிக்க மட்டும் செய்வாங்க. அங்க அதுக்கு ஈடு இல்ல.

முத்துச்சலாபம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேர்ஹவுஸ் என்றதும் தேடுவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பிட்மேப்பால் கூட்டலும் போடலாம். 1997இல் ஓ'நீலும் குவாஸும் எழுதிய 'பிட் ஸ்லைஸ்' முறை எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எடை என்ற எண்ணை இருமத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு இருமத் தானத்துக்கும் ஒரு பிட்மேப். 1,023 கிலோ வரைக்கும் 10 பிட்மேப் போதும், 15 எம்பி. மேலே விடையாக வந்த ஐந்தாம் வரிசை 12 கிலோ, ஏழாம் வரிசை 9 கிலோ என்று வைப்போம்.

12 = 1 1 0 0
9 = 1 0 0 1

மொத்த எடை வேண்டுமா? விடை பிட்மேப்பை ஒவ்வொரு தானத்தோடும் 'அண்ட்' போட்டு 1களை எண்ணுங்கள். 8இன் தானத்தில் 2, 4இன் தானத்தில் 1, 2இன் தானத்தில் 0, 1இன் தானத்தில் 1. 8×2 + 4×1 + 2×0 + 1×1 = 21. ஒரு வரிசையைக்கூடத் திறக்காமல் மொத்த எடை கிடைத்துவிட்டது. "50 கிலோவுக்கு மேல்" போன்ற நிபந்தனைகளையும் மேல் தானத்திலிருந்து இறங்கி இறங்கி இதே முறையில் சோதிக்கலாம்.

வாலிநோக்கம்_உப்பு

அழகுதான் காக்கா, ஆனால் தம்பிக்கு வேண்டியது திங்கட்கிழமை ரிப்போர்ட்.

என் கருத்து: 1.2 கோடி வரிசைக்கு பிட்மேப் பேச்சே அதிகப்படி. ராத்திரி டேபிளை பார்க்கே ஃபைலாக (நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் வடிவம்) இறக்கி டக்டிபியில் (அதை நேரடியாகப் படிக்கும் சின்ன டேட்டாபேஸ்) திறந்தால் முடிந்தது. கேட்ட காலங்களை மட்டும்தான் அது படிக்கும், எண் குறியீடாக இருந்தால் இன்னும் சின்னது. இண்டெக்ஸ் எதுவும் இல்லாமலே முழு ஸ்கேன் ஒரு நொடிக்குள் வரும்.

தங்கச்சிமடத்தான்

அக்கா, அது எனக்கும் தோணுச்சு. ஆனா கணக்குப்பிள்ளைங்க பாக்குற ஸ்கிரீன் பழைய சாஃப்ட்வேர், போஸ்ட்கிரஸ்லதான் கேக்கும். அதோட பாக்கி கணக்கு நேத்து ராத்திரி நிலவரமா இருந்தா ஏஜெண்ட் சண்டைக்கு வருவார், "காலையிலதானய்யா குடுத்தீங்க"ன்னு. லைவ்லயே வேணும்.

எக்ஸ்பிளைன் போட்டேன். தளம் இல்லாத குவெரிக்கு 'பேரலல் சீக்வென்ஷியல் ஸ்கேன்'. தளம் இருந்தா கூட்டு இண்டெக்ஸ் வழியா 'பிட்மேப் ஹீப் ஸ்கேன்' வருது, அதுல 'ஹீப் பிளாக்ஸ்: லாஸி'ன்னு பெரிய எண் இருக்கு. அது என்ன?

முத்துச்சலாபம்

போஸ்ட்கிரஸ் மெமரியில் கட்டும் பிட்மேப்புக்கு 'ஒர்க் மெம்' என்ற வரம்பு உண்டு. கண்டிப்பாக மாற்றாமல் 4 எம்பியில் விட்டிருப்பீர்கள். வரிசை வரிசையாக நினைவு வைக்க அந்த இடம் போதவில்லை என்றால், "இந்தப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது" என்று பக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அதுதான் லாஸி. பிறகு அந்தப் பக்கத்தின் 75 வரிசையையும் மறுபடி சோதிக்க வேண்டும். 'ரீசெக் கண்டிஷன்' வரி அதற்காகத்தான். 'ரோஸ் ரிமூவ்ட் பை இண்டெக்ஸ் ரீசெக்' எண் பெரிதாக இருந்தால் அவ்வளவும் வீண் வேலை. 32 எம்பி ஆக்கிப் பாருங்கள். சர்வர் முழுக்க வேண்டாம், அந்த ரிப்போர்ட் யூசருக்கு மட்டும்.

இனி இண்டெக்ஸ். இனம், ஏஜெண்ட் இரண்டுக்கும் தனித்தனி ஒற்றைக் கால பி-ட்ரீ. போஸ்ட்கிரஸ் அவற்றை 'பிட்மேப் அண்ட்' என்று சேர்த்துக்கொள்ளும். 13ஆம் பதிப்பிலிருந்து ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் பி-ட்ரீ அதைச் சுருக்கி வைக்கும், அதனால் அளவுக்குப் பயப்பட வேண்டாம்.

தரத்துக்கும் கலத்துக்கும் போடாதீர்கள். சேமித்த பிட்மேப்பாக இருந்தால் தரம் 2க்கு 1.5 எம்பி படித்தால் போதும். இங்கே 30 லட்சம் பி-ட்ரீ என்ட்ரிகளைப் படித்து பிட்மேப் கட்ட வேண்டும். பிளானர் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) கணக்குப் பார்த்து "வேண்டாம், இனத்தையும் ஏஜெண்டையும் வைத்துச் சுருக்கிவிட்டு, தரத்தை வரிசையிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்று விட்டுவிடும். அசல் பிட்மேப்புக்கும் இந்த அவசர பிட்மேப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் பல்லைக் காட்டும்.

நவபாஷாணம்

காக்கா சொல்றது சரி. பாக்கிக்கு மட்டும் வேற வழி: பார்ஷியல் இண்டெக்ஸ். (இனம், ஏஜெண்ட்) மேல, "நிலை முடிந்தது அல்ல"ங்கற நிபந்தனையோட. பாக்கியும் பாதியும் மட்டும் அதுல இருக்கும். 1.2 கோடில சில லட்சம். குவெரியிலயும் அதே நிபந்தனை, இல்ல அதுக்குள்ள அடங்குறது எழுதணும், இல்லாட்டி பிளானர் கண்டுக்காது.

இன்னொண்ணு. பிளானர் ஒவ்வொரு நிபந்தனையும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததுன்னு நெனச்சுப் பெருக்கும். நான் மேல போட்ட 180 கணக்கும் அப்படித்தான். நெசத்துல ஒரு ஏஜெண்ட் ரெண்டு தளத்துலதான் எடுப்பார். கரைவலையில விழுற மீன் வேற, விசைப்படகுல வர்றது வேற. பிளானரோட மதிப்பீடும் நெச எண்ணிக்கையும் பத்து மடங்கு நூறு மடங்கு வித்தியாசப்பட்டா 'கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ்' போட்டு (தளம், ஏஜெண்ட்), (கலம், இனம்) ஜோடிகளைச் சொல்லிக் குடு. 10ஆம் பதிப்புலேர்ந்து இருக்கு.

மூன்றாமாண்டு_சிஎஸ்

டேபிளையே தளம், இனம் வாரியாக அடுக்கிவிட்டால்? 'கிளஸ்டர்' கட்டளை இருக்கிறதே. ஒரு தளம் ஒரு இனம் 14,286 வரிசை, 75 ஆல் வகுத்தால் 191 பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

முத்துச்சலாபம்

நல்ல கணக்கு. ஆனால் இப்போது வரிசைகள் தேதிப்படி வந்து விழுந்திருக்கின்றன, தேதி குவெரி பறப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கிளஸ்டர் போட்டால் அந்த ஒழுங்கு போய்விடும். பிறகு வரும் வரிசைகள் கடைசியில்தான் சேரும், அடுக்கு நிலைக்காது. ஓடும்போது டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகு சரக்கு வந்துகொண்டுதானே இருக்கும்? வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்

சோதனை சர்வர்ல போட்டுப் பாத்தாச்சு. இனம் குறியீடாச்சு (அக்கா, மொத்தம் 58 தான் தேறுச்சு). இனம், ஏஜெண்ட் தனி இண்டெக்ஸ், முடிந்தது அல்லாததுக்கு பார்ஷியல், ஒர்க் மெம் 32 எம்பி. பாக்கி குவெரி எல்லாம் பார்ஷியல்ல போய் ஸ்கிரீன் திறக்கறதுக்குள்ள வந்துருது. ஏஜெண்ட் + இனம் + கலம் கேட்டா 'பிட்மேப் அண்ட்' வருது, காக்கா சொன்ன மாதிரி கலம் ஃபில்டரா கீழ நிக்குது. லாஸி பூஜ்யம்.

கலம் + தரம் மட்டும் கேட்டா இன்னும் முழு ஸ்கேன்தான். அதை யாரும் பாக்கியோட சேக்காம கேக்குறதில்ல, விட்டுட்டேன்.

லைவ்ல போடுறதுக்கு முன்னாடி வேற எதாச்சும் பாக்கணுமா?

வாலிநோக்கம்_உப்பு

ஒன்று. நிலை காலம் இதுவரை எந்த இண்டெக்ஸிலும் இல்லை. அதனால் பட்டுவாடா அப்டேட் 'ஹாட்' முறையில் போயிருக்கும்: பக்கத்தில் இடம் இருந்தால் புதுப் பதிப்பை அங்கேயே வைத்துவிட்டு இண்டெக்ஸ்களைத் தொடாது. பார்ஷியல் இண்டெக்ஸின் நிபந்தனையில் நிலை வந்துவிட்டது. இனி ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் மற்ற எல்லா இண்டெக்ஸிலும் புது என்ட்ரி விழும். ஒரு வரிசைக்கு ஆயுளில் இரண்டு அப்டேட் என்றால் தாங்கும். ஆனால் ஆட்டோவேக்யூமை (பழைய பதிப்புகளைத் தானாகக் கூட்டித் தள்ளும் வேலை) அந்த டேபிளுக்கு மட்டும் கொஞ்சம் அடிக்கடி ஓட விடு. சுமை கூடினால் பட்டுவாடாவைத் தனி டேபிளாக்கு.

தங்கச்சிமடத்தான்

சரிக்கா. இண்டெக்ஸ் கட்டும்போது என்ட்ரி நிக்கக்கூடாதுன்னு 'கன்கரண்ட்லி' போடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை மதியம்.

நவபாஷாணம்

போடு. ஆனா அது டிரான்ஸாக்ஷன் பிளாக்குக்குள்ள ஓடாது, ஸ்கிரிப்ட்ல பிகின் போட்டு வச்சிருந்தா எடுத்துரு. பழைய டிரான்ஸாக்ஷன் எதாச்சும் தொறந்து கெடந்தா அது முடியற வரைக்கும் காத்துக்கிட்டே நிக்கும், அதனால ரிப்போர்ட் ஸ்கிரீனை எல்லாம் மூடச் சொல்லு. கரண்ட் போயி பாதியில நின்னுச்சுன்னா 'இன்வேலிட்'னு ஒரு இண்டெக்ஸ் மிச்சம் கெடக்கும். குவெரிக்கு உதவாது, என்ட்ரி போடும்போது மட்டும் சுமை. அதை டிராப் பண்ணிட்டு மறுபடி முதல்லேர்ந்து போடு.